பகலில் தெரியாத செள்ளு: கோழிக்கு மருந்தா, கூண்டுக்கு மருந்தா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, உள்ளே மூங்கில் கழிகள் கட்டி, நாற்பது நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். இரண்டு மாதமாகப் பொழுது சாய்ந்தால் கோழிகள் கொட்டகைக்குள் போக மறுத்து முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. உள்ளே அடைபவற்றின் கொண்டை வெளுத்துவிட்டது. முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. அடை வைத்திருந்த கோழி ஒன்று பதினைந்தாம் நாள் கூடையிலேயே செத்துக் கிடந்தது. பகலில் கோழியைப் பிடித்து இறகைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. செள்ளுதான் என்று சொல்லிப் பக்கத்துத் தோட்டக்காரர் கொடுத்த பயிர் மருந்தைத் தண்ணீரில் கலந்து எட்டுக் கோழிகளை முக்கி எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று இறந்தன. முட்டை பொறுக்கப் போகும் என் மகளுக்குக் கையிலும் கழுத்திலும் அரிப்பு. இரண்டு முயல்களின் காதுக்குள் பொருக்குக் கட்டியிருக்கிறது. நாயும் காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் ஒரே செள்ளுதானா? முட்டையைச் சாப்பிடலாமா? என்ன மருந்து போட வேண்டும்?
— வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்ட இரண்டில் முட்டையைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாதது. மருந்தில் முக்கிய கோழிகளில் பிழைத்த ஐந்தையும் உடனே தனியாகப் பிரித்து, காலில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அவை இடும் முட்டையை உண்ணவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், அடைக்கு வைக்கவும் வேண்டாம், புதைத்துவிடுங்கள். அவற்றைக் கறிக்கும் அறுக்கக் கூடாது. கால்நடைகளுக்கென்று தயாரித்த மருந்தாக இருந்தால், போட்டபின் எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் ஒதுக்க வேண்டும் என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கும். பயிருக்கு அடிக்கும் மருந்துக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது, ஏனென்றால் அது கோழியின் மேல் படும் என்று எவரும் எண்ணித் தயாரிக்கவில்லை. முட்டையின் மஞ்சள் கரு கோழியின் உடலுக்குள் பெருத்து வளர ஏறத்தாழ பத்து நாள் ஆகிறது. கொழுப்பில் தங்கும் நஞ்சு அந்த மஞ்சள் கருவோடு சேர்ந்து வெளியே வரும். ஆகவே ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து. எந்த மருந்து என்று தெரிந்தால், உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் இன்னும் சரியாகச் சொல்வார். அதனால் தோட்டக்காரரிடம் காலிப் புட்டியைக் கேட்டு வாங்கி எடுத்துச் செல்லுங்கள்.

இறந்த மூன்று கோழிகளும் வாயில் எச்சில் ஒழுக, இறக்கை தொங்கி, மூச்சுக்குத் திணறி விழுந்திருந்தால், பெரும்பாலும் அது பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தாக இருக்கும். அந்த வகை நஞ்சுக்கு அட்ரோபின் என்ற மாற்று ஊசி உண்டு; ஆனால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கோழி விழுந்துவிடும்போது ஊசிக்கு நேரமிருப்பதில்லை. அந்தத் தண்ணீரில் கைவிட்டது நீங்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். தலைச்சுற்றல், வாந்தி, கண் மங்கல் ஏதேனும் இருந்திருந்தால் உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்வதற்காக இதை எழுதவில்லை. 2017ஆம் ஆண்டு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே தவறு பெரிய அளவில் நடந்தது. நீங்கள் இப்போது போராடும் இதே பூச்சியை ஒழிக்க, கோழிப்பண்ணைகளில் தெளித்த கலவை ஒன்றில் பிப்ரோனில் கலந்திருந்தது. நம் ஊரில் நெல்லுக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற அதே பிப்ரோனில்தான். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் பயன்படுத்த அங்கே தடை செய்யப்பட்டது. அது முட்டையில் தெரியவந்தபோது பண்ணைகளை மூடினார்கள், கோடிக்கணக்கில் முட்டைகளை அழித்தார்கள். ஆய்வுக்கூடமும் கண்காணிப்பும் உள்ள இடத்திலேயே அப்படி நடந்தது என்றால், புட்டியில் பெயர்கூடத் தெரியாத மருந்தைக் கோழியின் மேல் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, அந்தச் செள்ளு எது என்ற கேள்விக்கு வருகிறேன். நம் கிராமங்களில் கோழியின் மேல் ஊர்கிற எல்லாவற்றையும் செள்ளு என்றோ பேன் என்றோ உண்ணி என்றோ சொல்லிவிடுகிறோம். பேச்சுக்கு அது போதும், மருந்துக்குப் போதாது. பேன் ஆறு கால் உள்ள பூச்சி, வெளிர்மஞ்சளாக இருக்கும், கோழியின் உடலைவிட்டு இறங்காமல் இறகையும் தோல் செதிலையும் தின்று வாழும், பகலில் இறகைப் பிரித்தாலே ஓடுவது தெரியும். கொண்டையைச் சுற்றியும் கண் ஓரத்திலும் கறுப்பாகக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, பிடுங்கினாலும் வராமல் இருப்பது தெள்ளுப்பூச்சி. அவை இரண்டும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதி இருப்பவை எட்டுக் கால் உள்ள, சிலந்தியின் சுற்றத்தைச் சேர்ந்த உண்ணிகள். அவற்றில் மணலளவே இருப்பவற்றைச் சிற்றுண்ணி என்று இங்கே சொல்கிறேன். சிற்றுண்ணிகளிலும் தோலைக் குடைந்து உள்ளே வாழ்பவை உண்டு, தோலின் மேலேயே வாழ்பவை உண்டு. கோழியின் காலில் செதில் தூக்கி, சுண்ணாம்பு பூசியது போலத் தடித்துப்போவது குடைகிற வகையின் வேலை; உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆகவே அதை இத்தோடு விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பவை அனைத்தும் மேலே வாழும் வகை என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரே இனம் அல்ல.

பகலில் கோழியின் மேல் ஒன்றும் இல்லை, இரவில் கோழி உள்ளே போக அஞ்சுகிறது, கொண்டை வெளுத்திருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது கோழிச் சிவப்புச் சிற்றுண்ணிதான். அறிவியல் உலகில் அதற்கு டெர்மனிசஸ் கலினே என்று பெயர். அது கோழியின் மேல் குடியிருப்பதில்லை. கோழி அடையும் கழியின் வெடிப்பிலும், மூங்கில் கணுவின் ஓட்டையிலும், கயிற்று முடிச்சுக்கு அடியிலும், கீற்றின் மடிப்பிலும் பகல் முழுதும் ஒளிந்திருந்து, இருட்டியபின் கூட்டம் கூட்டமாக ஏறி, அரை மணியோ ஒரு மணியோ இரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். ஒன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்தபின் சிவப்பு. ஒன்றிரண்டு குடிப்பதால் கோழிக்கு எதுவும் ஆகாது. ஆனால் ஒரு கழியின் வெடிப்புகளுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, இரவுதோறும் இரத்தம் போய்க் கொண்டை வெளுக்கிறது, உறக்கம் கெடுகிறது, முட்டை குறைகிறது. முருங்கை மரத்தில் ஏறிக்கொண்ட கோழிகள் பிடிவாதம் செய்யவில்லை. கொட்டகையின் நிலைமையை உங்களுக்கு முன்பே கண்டுகொண்டன.

அடையில் செத்த கோழியின் கதை இதிலிருந்து சற்று மாறுபடலாம். அடைக்கோழி இருபத்தொரு நாளும் ஒரே கூடையில், பகலும் இரவும், இரை எடுக்கக்கூட அதிகம் இறங்காமல் இருக்கிறது. கூடையில் சிற்றுண்ணி ஏறிவிட்டால் அது தப்பிக்க வழியே இல்லை. சிவப்புச் சிற்றுண்ணியும் இதைச் செய்யும். வெப்பநாடுகளில் பரவலாக உள்ள ஆர்னிதோனிசஸ் என்ற வேறொரு வகையும் செய்யும். இரண்டாவது வகை பகலிலும் கோழியின் மேலேயே இருக்கும். பின்புறத் துவாரத்தைச் சுற்றிய இறகுகள் அழுக்கேறிக் கறுத்துப்போயிருப்பது அதன் அடையாளம். சிட்டுக்குருவி, மைனா, புறா ஆகியவற்றின் கூடுகளிலிருந்தும் அது வந்து சேரும். உங்கள் கீற்றுக்குள் குருவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். சேவல்களின் பின்புறத்தையும் பாருங்கள், ஏனென்றால் இந்தக் குடும்பத்து இறகுச் சிற்றுண்ணிகள் பெட்டையைவிடச் சேவலில் அதிகம் சேரும். கோழி தன் அலகால் கோதியே இவற்றில் பெரும்பகுதியைக் குறைத்துக்கொள்கிறது. அலகு வெட்டிய கோழிகளில் இவை அதிகம் பெருகுவதற்கு அதுவே காரணம். நாட்டுக்கோழிக்கு அலகு வெட்டுவதில்லை என்பது உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு.

மூன்றாவதாக ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோழி உண்ணி என்று ஒன்று, சிற்றுண்ணியைவிடப் பல மடங்கு பெரியது, ஏறத்தாழ துவரம்பருப்பு அளவில், தட்டையாக, தோல்பை போலச் சுருங்கி, சாம்பல் நிறத்தில் இருக்கும். அதுவும் வெடிப்பில் ஒளிந்து இரவில் குடிப்பதே. அதன் குஞ்சுகள் மட்டும் சில நாள் கோழியின் மேலேயே, இறக்கைக்கு அடியில் கருநீலப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். அது ஸ்பைரோகீட் என்ற கிருமியைப் பரப்பிக் கடுங்காய்ச்சலால் கோழிகளைக் கொல்லும். பெரிய உண்ணிகள் ஆண்டுக்கணக்கில் இரத்தமின்றி உயிரோடிருக்கும். கொட்டகையில் பெரிய உண்ணி தென்பட்டால் என்னுடைய மீதி ஆலோசனையோடு நிற்காமல் மருத்துவரை வரவழையுங்கள்.

எது என்று அறியக் கண்ணாடியும் ஆய்வுக்கூடமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றிரவு ஒன்பது மணிக்குமேல் கைப்பேசி விளக்கோடு கொட்டகைக்குள் போய், அடையும் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத்துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் வெற்றிலைக் கறை போலச் சிவப்புத் தீற்றல் விழுந்தால் அது நசுங்கிய சிற்றுண்ணியின் வயிற்றில் இருந்த உங்கள் கோழியின் இரத்தம். பகலில் பார்க்க வேண்டுமானால், கழி சுவரில் பொருந்தும் இடத்தில் சாம்பலும் மிளகுத்தூளும் கலந்தது போல ஒரு தூள் படிந்திருக்கும். அது அவற்றின் எச்சமும் உரித்த தோலும். இன்னொரு வழி, சரக்குப் பெட்டிகளின் நெளிவுள்ள அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டிச் சுருட்டி, கழிக்கு அடியில் கட்டி, இரண்டு நாள் விட்டு எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுவது. ஒளிய இடம் தேடுகிற சிற்றுண்ணிகள் அந்த நெளிவுக்குள் புகுந்திருக்கும். அந்தப் பையை அப்படியே அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பல மாவட்டங்களில் நடத்தும் பயிற்சி மையத்துக்கோ எடுத்துச் சென்றால், நுண்ணோக்கியில் வைத்துப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

சிவப்புச் சிற்றுண்ணி என்று உறுதியானபின் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே செய்தி, மருந்து கோழிக்கு அல்ல, கொட்டகைக்கு என்பது. எட்டுக் கோழிகளை நஞ்சில் முக்கியது ஆபத்தானது மட்டுமல்ல, பயனற்றதும்கூட. பகலில் நீங்கள் கோழியை முக்கியபோது, ஒழிக்க நினைத்தவை மூங்கில் கணுவுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன. இரத்தம் குடித்த பெண் சிற்றுண்ணி அடுத்த ஒரு நாளில் வெடிப்புக்குள்ளேயே நான்கு முதல் எட்டு முட்டைகள் இடுகிறது. நம் வெயிலில் அவை இரண்டு மூன்று நாளில் பொரிக்கின்றன. ஆறு கால் கொண்ட முதற்பருவம் எதையும் குடிக்காமலே தோலுரிக்கிறது. அடுத்த இரண்டு பருவங்கள் குடிக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஏழு முதல் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. பெரும்பாலான மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. ஆகவே ஒரு முறை தெளித்து நிறுத்தினால், அடுத்த வாரமே புதிய தலைமுறை எழும். ஏழாம் நாள் ஒருமுறை, பதினான்காம் நாள் ஒருமுறை என்று மூன்று தடவையாவது செய்ய வேண்டும். கோழிகளை வேறிடத்துக்கு மாற்றிப் பட்டினி போட்டுக் கொன்றுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம், ஏனென்றால் குளிர்ந்த இடத்தில் இவை மாதக்கணக்கில் இரத்தமின்றித் தாங்கும். நம் கோடை வெப்பமும் வறட்சியும் அந்தக் காலத்தைக் குறைக்கும் என்றாலும், நிழலான கொட்டகையின் வெடிப்புக்குள் அந்த வெப்பம் முழுதாகப் போய்ச் சேருவதில்லை.

கொட்டகையில் செய்ய வேண்டிய வேலையில் மருந்து கடைசிப் பங்குதான். முதலில் கூளம், காய்ந்த எச்சம், பழைய வைக்கோல், பழைய கூடை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கொட்டகையிலிருந்தும் வீட்டிலிருந்தும் தள்ளிய இடத்தில் எரித்துவிடுங்கள். பண்ணைகளில் தீப்பிழம்புக் கருவியால் கூண்டின் கம்பிகளைச் சுடுவார்கள். இரும்புக் கூண்டுக்கு அது மிக நல்ல முறை. உங்கள் கொட்டகை கீற்றால் வேய்ந்தது. தயவுசெய்து அதை முயலாதீர்கள். மண்ணெண்ணெய் தெளிக்கச் சொல்வோரும் உண்டு. அதே காரணத்தால் அதுவும் வேண்டாம். நீங்கள் செய்யக்கூடியது, மூங்கில்களை அவிழ்த்து வெளியே கொண்டுவந்து, கணுக்களிலும் முனை ஓட்டைகளிலும் கொதிநீர் ஊற்றி, இரண்டு நாள் உச்சிவெயிலில் கிடத்துவது. என்னைக் கேட்டால் அந்த மூங்கில்களை மறுபடி கட்டவே வேண்டாம் என்பேன். மூங்கிலைப் போல இந்தச் சிற்றுண்ணிக்கு வசதியான வீடு வேறொன்று இல்லை. பட்டை உரித்து இழைத்த சவுக்குக் கழியோ, பழைய இரும்புக் குழாயோ கிடைத்தால், வெடிப்பில்லாத ஒரே துண்டாக அதைக் கட்டுங்கள். கயிற்று முடிச்சுக்குப் பதில் கம்பி. மூங்கில்தான் கட்ட முடியும் என்ற நிலை இருந்தால், இரண்டு முனைகளையும் களிமண்ணும் சாணமும் பிசைந்தோ சிமெண்ட் வைத்தோ அடைத்துவிடுங்கள்.

அந்தக் கழிகள் சுவரையோ கீற்றையோ தொடக் கூடாது. தரையில் நட்ட நான்கு கால்களின் மேல் தனி மேசை போல அவற்றை அமைத்து, ஒவ்வொரு காலையும் பழைய வண்டி எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு ஏறாமல் இருக்க அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்த வழக்கம் உங்கள் பாட்டி காலத்தில் இருந்திருக்கும். அதே உபாயம்தான் இது. சுவரிலிருந்து இரவில் புறப்படும் சிற்றுண்ணிக்குக் கோழியை அடைய வேறு வழி இருக்காது. கிண்ணங்களைக் கோழி குடித்துவிடாதபடி மேலே தகடு கவிழ்த்து வையுங்கள். மண்சுவராக இருந்தால் வெடிப்புகளைப் பூசி, கற்சுண்ணாம்பைக் குழைத்து இரண்டு பூச்சு அடியுங்கள். சுண்ணாம்பு வெடிப்பை அடைக்கிறது, உள்ளே அகப்பட்டதை உலர்த்துகிறது, அடுத்த முறை செந்நிறப் புள்ளி நகர்ந்தால் வெண்மையின் மேல் உடனே காட்டிக்கொடுக்கிறது.

இவை முடிந்தபின் மருந்து. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் என்று கால்நடைகளின் புற ஒட்டுண்ணிக்கெனத் தயாரித்தவை மருந்துக்கடைகளில் கிடைக்கும். எத்தனை மில்லி என்பதை நான் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் புட்டிக்குப் புட்டி அடர்த்தி மாறுகிறது. உறையில் கொட்டகைத் தெளிப்புக்கென்று எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். கோழி, முட்டை, தீவனம், தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, ஒளிவிடங்களை நனையும்படி தெளித்து, நன்கு உலர்ந்தபின்தான் கோழிகளை விட வேண்டும். இந்த மருந்துகள் பூனைக்கும் மீனுக்கும் தேனீக்கும் கொடிய நஞ்சு. மீதித் தண்ணீரைக் கிணற்றடியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். மூன்று தடவை தெளித்தும் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் மருந்தின் வகையை மாற்ற வேண்டும், ஏனென்றால் இந்தச் சிற்றுண்ணி பல நாடுகளில் பழைய மருந்துகளுக்குப் பழகிப்போயிருக்கிறது. அப்படிப் பழகியதால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017இல் புளூரலானர் என்ற மருந்தைக் குடிநீரில் கலந்து, ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தடவை கொடுக்க அனுமதித்தார்கள். அங்கே அதற்கு முட்டையை ஒதுக்கும் காலம் இல்லை. நாய்க்கு விற்கும் அதே பெயருள்ள மாத்திரையை உடைத்துக் கோழித் தண்ணீரில் கரைத்துப் பார்ப்போரும் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கோழிக்குச் சொட்டாக விடுவதையும் முட்டையிடும் கோழிகளில் நான் பரிந்துரைப்பதில்லை. முட்டையில் தங்குவது ஒன்று, கொட்டகைக்குள் இருப்பவற்றை அது தொடுவதே இல்லை என்பது இன்னொன்று.

நாட்டு வைத்தியத்தை நான் தள்ளுகிறவன் அல்லன். வேப்பெண்ணெய் நேரடியாகப் பட்ட சிற்றுண்ணியைக் கொல்லும். வெடிப்புக்குள் போய்ச் சேராதது அதன் குறை. சலித்த விறகுச் சாம்பலையும் மணலையும் ஒரு பழைய டயருக்குள் கொட்டி, அதில் கைப்பிடி கந்தகப் பொடி கலந்து வைத்தால் கோழிகள் தாமே புரண்டு குளிக்கும். கோழியின் மேலேயே வாழும் இறகுச் சிற்றுண்ணிக்குக் கந்தகம் பழமையான, இன்றும் பயனளிக்கும் மருந்து. பகலில் ஒளிந்துகொள்ளும் சிவப்புச் சிற்றுண்ணிக்கு அந்தக் குளியலால் பயன் குறைவுதான். அடைக்கூடையில் நொச்சியும் வேப்பிலையும் பரப்பும் வழக்கத்தையும் தொடருங்கள். இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பும் வைப்பது உங்கள் விருப்பம், அதனால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் கூடை புதிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் வலியுறுத்துவேன். போன முறை செத்த கோழி இருந்த கூடையில் எந்த இலையைப் பரப்பினாலும் பயனில்லை; அதை எரியுங்கள். ஓலைக்கூடைக்குப் பதில் வழவழப்பான பழைய பிளாஸ்டிக் கூடையிலோ மண்சட்டியிலோ மணல் போட்டு அடை வைத்தால் ஒளிய இடம் குறையும். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் அடைக்கோழி இரை எடுக்க இறங்கும் நேரத்தில் மணலை மாற்றிவிடுங்கள். முட்டைகளின் மேல் சாம்பல்நிறப் புள்ளிகள் ஊர்ந்தால் அன்றே வேறு கூடைக்கு மாற்றுங்கள். இருபத்தொன்று முடியட்டும் என்று காத்திருந்தால் தாயும் போகும், பொரிந்து வரும் குஞ்சுகளும் ஓரிரு நாளில் இரத்தமின்றிச் சாகும்.

முயலின் காதில் இருப்பது வேறு இனம். சோராப்டிஸ் என்ற அந்தச் சிற்றுண்ணி இரத்தம் குடிக்க ஏறி இறங்குவதில்லை. காதுக்குள்ளேயே, தோலின் மேற்பரப்பில் நிரந்தரமாகக் குடியிருந்து, தோலைப் புண்ணாக்கி, ஊறிவரும் நீரை உண்கிறது. அந்த நீர் உலர்ந்து உலர்ந்து ஏடு ஏடாகப் பொருக்குக் கட்டுகிறது. அந்தப் பொருக்கைப் பிய்க்க வேண்டாம். அடியில் தோல் பச்சைப்புண்ணாக இருக்கும், முயல் வலியால் துடிக்கும், இரத்தம் வரும். மருத்துவர் முயலை எடை போட்டு, அந்த எடைக்கேற்ற மிகச் சிறிய அளவு ஐவர்மெக்டினைத் தோலுக்கடியில் போட்டு, பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மறுபடி போடுவார். பொருக்கு தானே உதிர்ந்துவிடும். அதுவரை சிறிது நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காதில் விட்டு மென்மையாக்கலாம். இரண்டு முயல்களுக்கும் ஒரே நாளில் மருத்துவம் செய்து, கூண்டையும் கழுவி வெயிலில் வையுங்கள். நாய்க்கு விற்கும் பிப்ரோனில் தெளிப்பானை முயலின் மேல் அடித்துவிடாதீர்கள். முயல் அதைத் தாங்காமல் இறந்துபோகும். இந்தச் சிற்றுண்ணியின் சுற்றத்தைச் சேர்ந்ததுதான் செம்மறியாட்டுச் சொறியையும் உண்டாக்குகிறது. பிரிட்டன் அதை 1952இல் முற்றாக ஒழித்தது. 1973இல் அது மறுபடி நாட்டுக்குள் வந்து இன்றுவரை போகவில்லை. சந்தையிலிருந்து வாங்கிவரும் முயலையும் கோழியையும் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்தபின்பே பழையவற்றோடு சேர்க்க வேண்டும் என்று நாங்கள் சலிக்காமல் சொல்வதன் காரணம் அதுதான்.

நாயின் காதுக்குள் எட்டிப் பாருங்கள். காப்பித்தூளை ஈரமாக அப்பியது போன்ற கரும்பழுப்பு அழுக்கு இருந்தால், அது பெரும்பாலும் காதுச் சிற்றுண்ணி. வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் இருக்கும். மஞ்சளாகச் சீழ் வந்து நாற்றமடித்தால் அது கிருமித்தொற்று, மருத்துவமும் வேறு. முயலுக்கு வாங்கிய ஊசி மருந்தில் மீதியை நாய்க்குப் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள், சில வகை நாய்களுக்கு ஐவர்மெக்டின் மூளையைத் தாக்கும்.

உங்கள் மகளின் அரிப்புக்குக் கோழிச் சிற்றுண்ணி காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது மனிதரைக் கடிக்கும். மனித உடலில் தங்கி இனம் பெருக்க அதனால் முடியாது. முட்டை பொறுக்கும் வேலையைச் சில நாள் நீங்கள் முழுக்கைச் சட்டையோடு பகலில் செய்யுங்கள். திரும்பியதும் துணிகளைச் சுடுநீரில் ஊறவையுங்கள். கொட்டகை சுத்தமானால் அரிப்பு தானே நிற்கும். அதுவரை கலமைன் பூசினால் போதும். ஆனால் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் அரிப்பு மிகுந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் தொடங்கினால், அது கோழியால் வந்தது அல்ல, மனிதர்களுக்குள்ளேயே பரவும் சிரங்கு. குடும்பம் முழுவதும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டியிருக்கும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளுத்த கொண்டைக்குக் குடற்புழுவும் காரணமாகலாம் என்பதால், கொட்டகை வேலையோடு சேர்த்து எச்சத்தையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கொட்டகை வேலை நடக்கும் நாட்களில் முருங்கை மரத்துக் கோழிகளைக் கீழே இறக்க வேண்டாம். கீரிக்கும் மரநாய்க்கும் பயந்தால், அடிமரத்தைச் சுற்றித் தகரம் சுற்றிவிடுங்கள். வெளுத்துப்போன கோழிகளை மட்டும் பிடித்து, கொட்டகைக்கு எட்டாத தூரத்தில், புதிய பஞ்சாரத்துக்குள் அடைத்து, அரிசித் தவிட்டோடு கருவாட்டுத்தூளும் கீரையும் கொடுங்கள். மூன்றாம் தெளிப்பு முடிந்து ஒரு வாரம் கழித்து, மறுபடி அட்டைச் சுருளைக் கழியில் கட்டிப் பாருங்கள். இரண்டு இரவு கழித்தும் அட்டை வெறுமையாக இருந்தால், அன்று மாலை ஐந்தாறு கோழிகளை மட்டும் உள்ளே அடைத்து, மறுநாள் விடியலில் துணியால் கழியைத் துடைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கால்நடை மருத்துவர்